வெண்ணிலாவுக்கு ஒண்ணுக்கு வருது

ரம்யாவின் கருமாதி முடிந்து, பந்தல்காரன் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். அவளுடைய அக்கா பாப்பாத்தி செல்வராஜைத் தனியாகக் கூப்பிட்டாள். "பொட்டப்புள்ளய வண்டியில வெச்சுக்கிட்டே பொழப்பப் பாத்துக்குவேன்னு சொல்றீங்க. சரிங்க தம்பி. நடுவழியில அவளுக்கு அவசரம்னா எந்தப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. பதில்தான் வரவில்லை. ஒன்றரை வருஷமாக அவன் அந்தப் பதிலைத்தான் மலை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறான்.

செல்வராஜ் சேலம் அம்மாபேட்டைக்காரன். பத்தொன்பது வயதில் கிளீனராக ஏற்காட்டுக்கு ஏறியவன், அப்படியே தங்கிவிட்டான். இப்போது ஒரு ஓனரிடம் டிராவலர் வேன் ஓட்டுகிறான். ஒண்டிக்கடை ஸ்டாண்டில் அவன் வண்டி நிற்கும். பின்சந்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு ஊடு. ரம்யா டெங்குக் காய்ச்சலில் நாலே நாளில் போய்ச் சேர்ந்தபோது வெண்ணிலாவுக்கு மூன்று வயது. இப்போது ஆடி வந்தால் ஐந்து. அங்கன்வாடி இருக்கிற நாளில் மத்தியானம் வரைக்கும் கவலை இல்லை. கோடை லீவு விட்டுவிட்டால், சீசன் தொடங்கிவிட்டால், விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் அவள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில்தான்.

பாப்பாத்தி கெட்டவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சி பெற்றதைத் தன் பிள்ளையாக வளர்க்க ஆசைப்பட்டாள். சேலத்தில் சொந்த வீடு, உள்ளேயே பாத்ரூம், அடுத்த தெருவில் பள்ளிக்கூடம். மாதம் ஒரு தடவை போன் போட்டுக் கேட்பாள், அவன் முடியாது என்பான். இந்த வருஷம் அவள் விடவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஒருநாள் முழுக்க உங்களோடு வண்டியில் வந்து பார்க்கிறேன் என்றாள். மனசுக்குத் திருப்தியாக இருந்தால் விட்டுவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் பிள்ளை என்னோடு வரட்டும் என்று அவள் சொன்னதற்கு, அவனும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டான்.

ரோஷப்படவும் அவனுக்குக் காரணம் இருந்தது. எவ்வளவு பட்டிருக்கிறான்!

முதல் தடவை, ஏரிக்கரைப் பக்கம் ஒரு கட்டணக் கழிப்பிடத்தில் ஆண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். சுவரைப் பார்த்து வரிசையாக நின்ற ஆம்பளைகளைக் கண்டதும் குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டு அலறியது. சரி என்று பெண்கள் பக்கம் போனால், கழுவிவிடுகிற அம்மாள் விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினாள். உள்ளே இருந்த ஒருத்தி, யாருய்யா அது ஆம்பளை என்று கத்தினாள். வாசலில் நின்று அவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வெண்ணிலா நின்ற இடத்தில் நனைத்துவிட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வண்டியில் வருகிற பெண்களிடம் கேட்டுப் பார்த்தான். நல்ல மனசுக்காரிகள் கூட்டிப் போனார்கள்தான். ஆனால் போகிற வழியில் சும்மா இருக்க மாட்டாமல், அம்மா எங்க கண்ணு என்று கேட்டுவைப்பார்கள். திரும்பி வரும்போது குழந்தையின் முகம் செத்துப் போயிருக்கும். அதையும் விட்டான்.

மிச்சம் இருந்தது காடுதான். காடு என்றால் சும்மா கொண்டுபோய் உட்காரவைத்துவிடலாம் என்று கீழ்நாட்டுக்காரர்கள் நினைப்பார்கள். மழைக்காலத்தில் காப்பிச் செடி ஓரம் உட்கார்ந்தால் அட்டை ஏறும். சரிவில் மேட்டைப் பார்த்து உட்காரவைத்தால் அத்தனையும் திரும்பி வந்து காலை நனைக்கும். பள்ளத்தைப் பார்த்து உட்காரவைத்தால் குழந்தை முன்னால் சாய்ந்துவிடும், பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நனைத்து நனைத்துத்தான் இரண்டு பேரும் கற்றுக்கொண்டார்கள். ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த, தோளில் பட்டன் வைத்த ஜீன்ஸ் உடுப்பு ஒரே நாளில் மூலைக்குப் போனது. இரண்டாவது பட்டனைக் கழற்றுவதற்குள் காரியம் முடிந்திருந்தது. அதிலிருந்து கவுன்தான். வண்டியின் முன்பெட்டியில் ஒரு மக்கு, ஒரு துண்டு, மாற்று ஜட்டி. ஒருதரம் குரங்கு அந்தப் பையைத் தூக்கிப் போய் ஜட்டியைச் சில்வர் ஓக் மரத்து உச்சியில் தொங்கவிட்டது. அந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் வெண்ணிலா ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊர் சுற்றிப் பார்க்க வந்த பார்ட்டியை வைத்துக்கொண்டு நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியுமா? முகத்தைச் சுளிப்பார்கள், ஓனருக்குப் போன் போடுவார்கள். அதற்கும் ஒரு வழி கண்டான். சேர்வராயன் கோயில் ரோட்டில் ஒரு திருப்பம், பக்கத்திலேயே நல்ல மறைவான புதர். அங்கே வண்டியை ஓரங்கட்டி, இங்கிருந்து பார்த்தால் மேட்டூர் டேம் தண்ணீர் மின்னும், அதிர்ஷ்டம் இருந்தால் தெரியும் என்று ஒருநாள் அள்ளிவிட்டான். பார்ட்டி மொத்தமும் இறங்கி, மூடுபனியை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தது. அவன் நிதானமாகக் குழந்தையைக் கூட்டிப் போய்விட்டு வந்தான். அடுத்தடுத்து அதே கதைதான். அவன் வண்டி தினமும் நிற்கிறதைப் பார்த்து மற்ற வண்டிகளும் நிறுத்த ஆரம்பித்தன. மக்காச்சோளம் சுடுகிறவன் ஒருவன் வந்து அடுப்பு வைத்தான். இன்றைக்குப் போனால் அங்கே கால் வைக்க இடமில்லை. சாமர்த்தியசாலி தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு வேறு புதர் தேடினான்.

ஓனர் ஒருநாள் காதைத் திருகாத குறையாகப் பேசினார். பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்ட முடிந்தால் ஓட்டு, இல்லையென்றால் சாவியைக் கொடு என்றார். அன்றைக்குத்தான் செல்வராஜுக்கு அந்த யோசனை வந்தது.

ஸ்டாண்டில் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மலை இறங்குகிற டிரிப் இருந்தால் காலை டீயோடு சரி. பார்ட்டியை அடிவாரம் தாண்டி இறக்கிவிடுகிற வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சீசனில் மலைப்பாதையில் ஏதாவது ஒரு கொண்டை ஊசிப் பெண்டில் வண்டி மாட்டிக்கொண்டால் முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. டிரைவர் இறங்கி ஓடவும் முடியாது. கிளீனராக இருந்த காலத்திலிருந்தே செல்வராஜ் அப்படித்தான். அவன் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. குழந்தை உடம்பையும் பழக்கினால் என்ன என்று நினைத்தான். காலையில் அரை டம்ளர் பால், அதோடு சரி. தாகம் என்றால் ஒரு வாய். அதற்கு மேல் கேட்டால், டிரிப் முடியட்டும் கண்ணு என்பான். நாலு தடவை இறங்கியவள் இரண்டு தடவை ஆனாள், அப்புறம் ஒரு தடவை. ஓனர் பேச்சு நின்றது. ஆஹா, பிடித்துவிட்டோம் வழியை என்று அவனுக்கு ஒரே குஷி. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை நாள் லோல்பட்டோம் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

கோயில் ரோட்டில் மிளகும் பலாச்சுளையும் விற்கிற அத்தாயிதான் முதலில் கவனித்தாள். தலைச்சோலை கிராமத்துக்காரி. கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் கட்டிய மறைப்பு ஒன்று வைத்திருந்தாள். வெண்ணிலா வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். "ஏனுங்க டிரைவரு, புள்ள மின்ன மாதிரி ஓடியாரதில்லீங்களே. ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. தண்ணி கிண்ணி குடிக்குதுங்களா?" என்று கேட்டாள். பழகிவிட்டதுங்க, பெரிய பிள்ளை ஆகிவிட்டாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊட்டைக் கூட்டினான், கூட்டியதையே மறுபடி கூட்டினான். கவுனைத் துவைத்துக் காயப்போட்டான். வண்டி சீட்டை ஷாம்பு போட்டுத் தேய்த்தான். எங்கேயாவது பழைய வாடை இருக்குமோ என்று மூக்கை வைத்து மோந்து பார்த்தான். குழந்தைக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "நாளைக்குப் பெரியம்மா வர்றாங்க கண்ணு. அவங்க முன்னாடி சும்மா சும்மா ஒண்ணுக்கு வருதுன்னு கேக்காத. கேட்டா உன்னையக் கையோட சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க" என்றான். பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். நீயும் வருவியா என்று வெண்ணிலா கேட்டாள். நான் எப்படி வருவது, வண்டி இருக்கிறதே என்றான். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவன் ரிப்பனை முடிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே பாப்பாத்தி ஒண்டிக்கடையில் வந்து இறங்கினாள். ஒரு கையில் முறுக்கு டப்பா, இன்னொரு கையில் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை. சீசன் ஞாயிறு என்பதால் ஓனர் லீவு தரவில்லை. ஈரோட்டிலிருந்து ஒரு பார்ட்டி, பெரியவர்களும் சிறுசுகளுமாக வண்டி நிறைய ஆள். ஊர் சுற்றிக் காட்டிவிட்டுச் சாயங்கால ரயிலுக்குச் சேலம் ஜங்ஷனில் கொண்டுபோய் விட வேண்டும். அப்படியே பாப்பாத்தியும் இறங்கிக்கொள்வாள். அவளோடு வெண்ணிலாவும் இறங்குவாளா, இல்லை காலி வண்டியில் அப்பனோடு மலை ஏறுவாளா என்பதுதான் கேள்வி.

பாப்பாத்தி முன்சீட்டில் ஜன்னல் ஓரம், வெண்ணிலா நடுவில். ஏரியைச் சுற்றினார்கள், பூங்காவுக்குப் போனார்கள். செல்வராஜ் கண் ரோட்டில் பாதி, குழந்தையின் முழங்காலில் பாதி. முழங்கால் இரண்டும் ஒட்டியே இருந்தன. விடியற்காலையில் ஊட்டில் போனதோடு சரி. பார்ட்டியில் இருந்த சிறுசுகள் போகிற இடத்தில் எல்லாம் தாய்மார்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடின. இவள் அசையவில்லை. பாப்பாத்தி இளநீர் வாங்கி நீட்டினாள். வேண்டாம் பெரியம்மா என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். ஐஸ் வேண்டுமா என்றதற்கும் வேண்டாம். கூச்சப்படுகிறாள் என்று பாப்பாத்தி நினைத்துக்கொண்டாள்.

கோயிலில் பார்ட்டி குகைக்குள் குனிந்து போயிருந்த நேரத்தில், செல்வராஜ் குழந்தையை அத்தாயி கடைக்குக் கூட்டிப் போனான். அத்தாயி வழக்கம் போல எழுந்து கையை நீட்டினாள். வெண்ணிலா அப்பன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வரவில்லை என்றாள். நிஜமாகவா என்று கேட்டான். நிஜமாகத்தான் என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அத்தாயி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் பார்க்காதவன் போலத் திரும்பினான்.

மத்தியானம் ஹோட்டலில் தயிர்ச்சோறு இரண்டு வாய்தான் இறங்கியது. கை கழுவுகிற இடத்தில் பாப்பாத்தி அவனிடம் வந்து, நான் என்னமோ ஏதோவென்று நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி, பிள்ளை ஒரு தொந்தரவும் இல்லாமல் நொம்ப நல்லா இருக்கிறாள் என்றாள். அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. இந்த வார்த்தைக்காகத்தானே ஒன்றரை வருஷம் காத்திருந்தான்! கேட்டதும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவனோ கழுவிய கையையே மறுபடி கழுவினான். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு மனம் சொன்னது. என்னவோ தப்பு நடக்கிறது என்று இன்னொரு மனம் பிறாண்டியது. லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் பார்ட்டி இறங்கியதும் குழந்தையை வண்டிக்குப் பின்னால் தூக்கிப் போய், துண்டை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு, உட்காரு கண்ணு என்றான். அவள் கவுனை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பாத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும், அவன் துண்டைச் சுருட்டிக்கொண்டான்.

மலை இறங்கும்போது பயந்த மாதிரியே நெரிசல். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. பின்சீட்டில் இருந்த பெரியவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ட்ரெயினை விட்டுவிடுவோமுங்க டிரைவர் என்றார். செல்வராஜுக்குத் தெரியும், வெண்ணிலாவுக்கு நெருக்கினால் முதலில் பாட்டுப் பாடுவாள். ஒன்றிரண்டு பெண்டு வரைக்கும் பாடினாள். அப்புறம் பாட்டு நின்றது. செருப்புக்குள் கால் விரல்கள் சுருண்டுகொண்டன. கியர் மாற்றுகிற சாக்கில் அவள் முழங்காலைத் தொட்டான், கொதித்தது.

"வருதா கண்ணு?" என்று கேட்டான்.

அவள் பெரியம்மாவைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், இல்லை என்று தலையாட்டினாள்.

அது பொய் என்று அவனுக்குத் தெரியாதா? பெற்றவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஓட்டினான். அடுத்த பெண்டில் ஓரங்கட்ட அகலமான இடம் இருந்தது. வண்டியை விட்டு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம்தான், அடிவாரம் வந்துவிடும், பாப்பாத்தி திருப்தியாக இறங்கிப் போய்விடுவாள், அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தக் கேள்வி இல்லை என்று மனம் கணக்குப் போட்டது. தாண்டிப் போனான். அதற்கடுத்த பெண்டிலும் கால் பிரேக் மேல் போய்த் திரும்பி வந்தது. அப்போது திரும்பிப் பார்த்தான். சத்தமே இல்லாமல் குழந்தையின் இரண்டு கன்னத்திலும் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. சீட்டு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினான். நிறுத்தக்கூடாத இடம் அது, வளைவின் நட்டநடு. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. பின்சீட்டுக்காரர்கள் என்னாச்சு என்னாச்சு என்றார்கள். செல்வராஜ் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு தடுப்புச் சுவர் ஓரம் ஓடினான். துண்டை எடுக்க மறந்துவிட்டான். சட்டையைக் கழற்றி மறைத்தான்.

"உட்காரு சாமி."

"வேண்டாம்ப்பா. பெரியம்மா பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டும், உட்காரு."

"கேட்டா கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு நீதான சொன்ன" என்றாள் வெண்ணிலா. "நான் கேக்கவே இல்லப்பா. தண்ணிகூடக் குடிக்கல."

மண்டிபோட்டு அவளை மடியோடு சேர்த்துப் பிடித்து, போகலாம் சாமி, போ சாமி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் முயன்று பார்த்தாள். இவ்வளவு நேரம் அடக்கியதற்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, கடுங்காப்பி நிறத்தில். வந்ததும் வீறிட்டு அலறினாள். எரியுதுப்பா, எரியுதுப்பா என்று அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். லாரிக்காரன் ஹாரனை எப்போது நிறுத்தினானோ தெரியாது.

செல்வராஜ் நிமிர்ந்தபோது பாப்பாத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"நாந்தாங்க அக்கா" என்றான். "தண்ணியும் நாந்தான் குடுக்கறதில்ல. டிரிப்ல கேக்கக் கூடாதுன்னு."

ரம்யா கூப்பிட்ட மாதிரியே அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். பாப்பாத்தி அவனை அடித்துவிடுவாள் போலத்தான் பார்த்தாள். அடிக்கவில்லை. முந்தானையை அவிழ்த்து ரோட்டுப் பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு, எரிச்சல் அடங்கட்டும், அவசரப்படுத்தாதீங்க என்றாள். வண்டிக்குத் திரும்பியதும் குழந்தையைத் தன் மடியில் படுக்கவைத்து, பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு வாயாகப் புகட்டினாள். ஒவ்வொரு வாய்க்கு முன்னாலும் வெண்ணிலா அப்பன் முகத்தைப் பார்த்தாள், குடிக்கலாமா என்கிற மாதிரி. அவனுக்கு ரோடு மங்கியது. கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். பின்சீட்டில் ட்ரெயின் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஜங்ஷனில் பார்ட்டியை இறக்கிவிட்டு நேராக ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் அம்மாள் பார்த்துவிட்டு, நீர்த்தாரையில் கிருமி பிடித்திருக்கிறது, மருந்து எழுதுகிறேன், தண்ணீர் தண்ணீராகக் கொடுங்கள், அடிக்கடி வரும், ஒரு தடவைகூட அடக்க விடாதீர்கள், இன்னும் விட்டிருந்தால் சிறுநீரகத்தில் கை வைத்திருக்கும் என்று சொன்னார். யார் தண்ணீர் கொடுக்காதது என்று கேட்டார். செல்வராஜ் கையைக் கட்டிக்கொண்டு நான்தான் என்றான். அந்த அம்மாள் திட்டிய திட்டை முழுக்க நின்று வாங்கிக்கொண்டான்.

வெளியே படியில் பாப்பாத்தி உட்கார்ந்திருந்தாள். வெண்ணிலா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். சேலத்து ஊட்டையும், உள்ளேயே இருக்கிற பாத்ரூமையும் நினைத்தான். காலி வண்டியில் தனியாக மலை ஏறுவதையும் நினைத்துப் பார்த்தான், நினைக்கவே முடியவில்லை. இருந்தும் சொன்னான்.

"கூட்டிட்டுப் போங்கக்கா. என்னால ஆகலீங்க."

பாப்பாத்தி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"உங்களைய நான் என்ன வேணா கேப்பேனுங்க தம்பி. கேக்கத்தான் போறேன். ஆனா இந்தப் புள்ள காலையில இருந்து அடக்கிட்டு உக்காந்திருந்தது என்னையப் பாத்து பயந்துட்டுங்க. அந்த எரிச்சல விடவும் நான் பெரிய பயமா இருந்திருக்கறேன். இப்பக் கூட்டிட்டுப் போனா, கேட்டதுனாலதான் அப்பன விட்டுப் பிரிச்சாங்கன்னு இதுக்கு மனசுல நின்னு போயிரும். அப்பறம் ஆயுசுக்கும் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்காதுங்க."

அவள் அழுதாள். பிள்ளை இல்லாதவள் கைக்கு வந்த பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற அழுகை. செல்வராஜுக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இவளாக என்றைக்காவது வருகிறேன் என்று சொன்னால் அன்றைக்குக் கொண்டுவந்து விடுங்கள், அதுவரைக்கும் வாராவாரம் நான் வருவேன், தண்ணீர்ப் பாட்டில் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பேன் என்றாள். குழந்தையைத் தூக்கி அவன் தோளில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டவுன்பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அடிவாரம் தாண்டுவதற்குள் வெண்ணிலா விழித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் பெரியம்மா இல்லை. பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் யாரும் இல்லை. பாட்டிலைத் தானே எடுத்து மடமடவென்று குடித்தாள்.

முதல் பெண்டு திரும்பியதும், ரொம்பச் சின்னக் குரலில், "அப்பா, ஒண்ணுக்கு வருது" என்றாள்.

நிறுத்தினான். கூட்டிப் போனான். நாலு சொட்டு வந்தது, எரிச்சலில் முகத்தைச் சுருக்கினாள். தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, தூக்கி உட்காரவைத்தான். அடுத்த பெண்டு வருவதற்குள் மறுபடி வருகிறது என்றாள். நிறுத்தினான். ஒன்றுமே வரவில்லை, வரவில்லைப்பா என்று பயந்துபோய்ச் சொன்னாள். வராவிட்டால் என்ன என்றான். ஓனர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்கத்தான். அவன் எடுக்கவில்லை. இறக்கினான், ஏற்றினான், இறக்கினான். மேலேயிருந்து இறங்குகிற வண்டிகள் வெளிச்சத்தை அடித்து அடித்துத் திட்டிக்கொண்டு போயின.

எத்தனையாவது தடவையோ. வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது. வெண்ணிலா வாயைத் திறந்தாள், மூடினாள். அவன் கவனித்துவிட்டான்.

"என்ன சாமி?"

"இப்பத்தானப்பா போனம்" என்றாள். "மறுக்கா கேக்கலாமா?"

"கேளு கண்ணு" என்று சொல்லும்போதே அவன் வண்டியை ஓரங்கட்டிக்கொண்டிருந்தான்.